லிவர்பூலில் ஒரு கான்கிரீட் கூடாரம்

லிவர்பூல் என்றால் நம்மில் பாதிப் பேருக்குக் கால்பந்து, மீதிப் பேருக்கு பீட்டில்ஸ். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனாலும் அந்த இரண்டோடு ஆற்றங்கரையில் நாலு போட்டோ, ஒரு சாப்பாடு, திரும்ப வீடு. இந்தப் பதிவு அந்த ஊரில் நாம் காருக்குள்ளிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிற ஒரு கட்டடத்தைப் பற்றியது. வட்டமாகத் தொடங்கி, கூம்பாக மேலேறி, உச்சியில் முள்முடி வைத்தது மாதிரி நிற்குமே, அதுதான். கிறிஸ்து அரசர் பேராலயம். கத்தோலிக்கர்களின் மெட்ரோபொலிட்டன் கதீட்ரல்.

முதல் முறை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது என்னடா, கோயிலா ராக்கெட்டா?" என்று கேட்டார்கள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான் வளர்ந்தது பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். டேவிஸ் ரோட்டில் பரிசுத்த ஆவி கோயில், நடந்து போகிற தூரத்தில் கிளீவ்லேண்ட் டவுன் பக்கம் புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம், சிவாஜி நகரில் செயின்ட் மேரீஸ். எங்களுக்குக் கோயில் என்றால் கல், கனம், நீள வாக்கில் ஒரு மண்டபம், தூரத்தில் ஒரு பீடம். அப்படிப் பழகிய கண்ணுக்கு லிவர்பூல் கோயில் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

லிவர்பூல்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'பேடீஸ் விக்வாம்'. விக்வாம் என்றால் அமெரிக்கப் பழங்குடிகளின் குடில். பேடி என்பது அயர்லாந்துக்காரனைக் கிண்டலாகக் கூப்பிடும் பெயர், நம்மைப் பொதுவாக 'மதராசி' என்பார்களே அந்த மாதிரி. அயர்லாந்துக்காரனின் கூடாரம்! கிண்டலோ என்னவோ, சரித்திரப்படி ரொம்பப் பொருத்தமான பெயர். ஏன் என்று சொல்கிறேன்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்தடுத்த வருடங்களில் பஞ்சம். பிழைக்க வழியில்லாதவர்கள் கப்பலேறி லிவர்பூலில் இறங்கினார்கள். 1847 ஒரே வருடத்தில் வந்து இறங்கியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஊரின் மொத்த ஜனத்தொகையே அப்போது அதை ஒட்டித்தான் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பலர் அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் நிலவறைகளிலும் சந்துகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். டைஃபஸ் காய்ச்சல் பரவியது. 'ஐரிஷ் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள் (வியாதிக்கும் வந்தேறிக்கும் முடிச்சுப் போடுவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை). நோயாளிகளைப் பார்க்கப் போன கத்தோலிக்க குருக்களில் 10 பேர் அந்த வருடம் அதே காய்ச்சலில் இறந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பேட்டையின் பிறப்பு ஞாபகம் வந்தது. 1898இல் பெங்களூரில் பிளேக் வந்தது. நெரிசலான பழைய பகுதிகளுக்கு வெளியே காற்றோட்டமாக ஊரை விரிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் முடிவு செய்தார்கள். ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. எங்கள் ரிச்சர்ட்ஸ் யார் என்று கேட்டால், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ், அந்த ராணுவப் பகுதியின் கலெக்டர். சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவரும் அவரேதான். 1909இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற சரித்திர ஆராய்ச்சிக் கழகம் தொடங்கவும் அவர் காரணம், கூட இருந்தவர் தபார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சரி, கிளைக்கதை போதும்.

கண்டோன்மென்ட் தமிழர் கதையும் ஒருவகையில் அயர்லாந்துக் கதைதான். 1809இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாறியபோது கூடவே மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வியாபாரிகள் என்று தமிழ் பேசும் கூட்டம் வந்தது. அதில் கத்தோலிக்கர்கள் கணிசம். ஓலைக் கொட்டகையில் தொடங்கிக் கல்கட்டடம் வரை அவர்கள் கோயில் எழுப்பிக்கொண்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் முதலில் வேலை, அடுத்தது வீடு, அதற்கடுத்தது கோயில். எங்கே போனாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

லிவர்பூலில் அந்த மூன்றாவது படியை ஏற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களுக்கு முழு அரசியல் உரிமையே 1829இல்தான் கிடைத்தது. 1850இல் மறைமாவட்டங்கள் மீண்டும் அமைக்கப்பட்டன. 1853இல் லிவர்பூலுக்கு ஒரு பேராலயம் வேண்டுமென்று எட்வர்ட் வெல்பி பியூஜினிடம் வரைபடம் வாங்கினார்கள். எவர்டன் மேட்டில் வேலை தொடங்கி, மாதா சிற்றாலயம் ஒன்று மட்டும் எழுந்து, அதோடு நின்றது. பணம் பள்ளிக்கூடங்களுக்கும் அனாதை இல்லங்களுக்கும் போயிற்று. அது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த முயற்சி 1930இல். பேராயர் ரிச்சர்ட் டவுனி. பிரவுன்லோ ஹில் என்ற இடத்தில் 9 ஏக்கர் நிலத்தை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்த இடத்தில் அதற்கு முன் இருந்தது என்ன தெரியுமா? ஏழைகளுக்கான ஒர்க்ஹவுஸ். கதியற்றவர்களை அடைத்து வைத்து வேலை வாங்கிக் கஞ்சி ஊற்றுகிற இடம். இங்கிலாந்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பஞ்சத்தில் வந்த அயர்லாந்துக்காரர்கள் எத்தனையோ பேர் அதன் சுவருக்குள் செத்திருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணை விலைக்கு வாங்கினார்கள்.

டவுனி பிடித்த ஆர்க்கிடெக்ட் சாதாரண ஆள் இல்லை. எட்வின் லட்யன்ஸ்! நம் புது டெல்லியையும் வைஸ்ராய் மாளிகையையும் (இன்றைய ராஷ்டிரபதி பவன்) வரைந்தவர். டெல்லி வேலை 1931இல் திறப்பு விழா காண, இந்தப் பக்கம் லிவர்பூல் வேலை கைக்கு வந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகருக்கு வரைந்த கை துறைமுகக் கூலிகளின் கோயிலுக்கு வரைந்தது. வரைந்தது என்ன சின்னதா? கோபுர மாடத்தின் விட்டம் 168 அடி. ரோம் புனித பேதுரு ஆலயத்தின் மாடமே 137 அடிதான். உயரம் 520 அடி. உத்தேசச் செலவு 30 லட்சம் பவுண்டு.

1933 ஜூன் 5ஆம் தேதி அடிக்கல். ஊரே திரண்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் பென்னி பென்னியாகக் கொடுத்த பணத்தில் அடித்தளம் இறங்கியது. காலம் எது என்று பாருங்கள், உலகப் பொருளாதார மந்தம். லிவர்பூலில் வேலையில்லாதோர் கூட்டம் தெருத்தெருவாக நின்ற காலம். அந்த நேரத்தில் ரோமைவிடப் பெரிய மாடம் கட்டப்போகிறோம் என்று சொல்ல ஒரு திமிர் வேண்டும். ஆனால் அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. ஹோப் ஸ்ட்ரீட்டின் அந்தக் கோடியில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயம் 1904இலிருந்து எழுந்துகொண்டிருந்தது. நூறு வருடம் ஏளனம் கேட்ட ஜனத்துக்கு, எங்களுடையது அதைவிடப் பெரியது என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்திருக்கும்.

சொல்ல முடியவில்லை. போர் வந்தது. 1941இல் வேலை நின்றது. முடிந்திருந்தது நிலவறையின் பெரும்பகுதி மட்டும், அதுவும் குண்டு வீச்சின்போது ஜனங்கள் பதுங்குகிற இடமாக ஆனது. 1944 புத்தாண்டு அன்று லட்யன்ஸ் இறந்தார். போர் முடிந்து கணக்குப் போட்டால் 30 லட்சம் 2 கோடியே 70 லட்சம் பவுண்டு ஆகியிருந்தது. ஒன்பது மடங்கு! அதே திட்டத்தைச் சுருக்கி 40 லட்சத்தில் முடிக்க ஒரு வரைபடம் வாங்கிப் பார்த்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. நிலவறையை மட்டும் 1958இல் ஒருவழியாக முடித்தார்கள்.

அந்த நிலவறையைக் கட்டாயம் பாருங்கள். செங்கல் வளைவுகள், இடையிடையே கருங்கல். பேராயர்களின் கல்லறை இருக்கும் அறைக்குக் கதவு கிடையாது, பதிலாக 6 டன் எடையுள்ள வட்டமான பளிங்குக் கல்லை உருட்டித் திறக்கிறார்கள். இயேசுவின் கல்லறைக் கல் மாதிரி. நடக்காமல் போன ஒரு பெரிய கனவின் காலடியில் நிற்கிற உணர்வு அங்கே எனக்கு வந்தது. மேலே வந்திருக்க வேண்டிய மாடத்தைத் தாங்குவதற்காகப் போட்ட தூண்கள் இன்றும் அதே கனத்தோடு, தாங்க ஒன்றுமில்லாமல் நிற்கின்றன.

இனி கதையின் முக்கிய ஆள். 1957இல் ஜான் ஹீனன் பேராயர் ஆனார். இவர் லட்யன்ஸ் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு போட்டி அறிவித்தார். நிபந்தனைகள் சுருக்கமானவை. 2,000 பேர் உட்கார வேண்டும். அத்தனை பேருக்கும் பீடம் தெரிய வேண்டும். ஏற்கெனவே உள்ள நிலவறையோடு பொருந்த வேண்டும். கட்டடத்தின் கூடு 10 லட்சம் பவுண்டுக்குள் அடங்க வேண்டும். ஐந்து வருடத்தில் முடியவும் வேண்டும். கிட்டத்தட்ட 300 வரைபடங்கள் வந்தன. 1960இல் ஃப்ரெடரிக் கிப்பர்ட் ஜெயித்தார். ஹார்லோ என்ற புது நகரத்தைத் திட்டமிட்டவர், ஹீத்ரோவின் ஆரம்பகாலக் கட்டடங்களை வரைந்தவர். கத்தோலிக்கர் இல்லை. வேடிக்கை என்னவென்றால் எதிர்க்கோடி ஆங்கிலிக்கன் பேராலயத்தை வரைந்த கில்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர். ஒரே தெருவின் இரண்டு முனையிலும் ஆள் மாறிப் போயிருக்கிறார்கள். :-)

'எல்லாருக்கும் பீடம் தெரிய வேண்டும்' என்ற அந்த ஒற்றை நிபந்தனைதான் கட்டடத்தின் உருவத்தையே தீர்மானித்தது. பழைய முறையில் நீளமான மண்டபம், கோடியில் பீடம், குருவின் முதுகைப் பார்த்தபடி ஜனங்கள். பின்வரிசைக்காரனுக்கு மணிச்சத்தம்தான் பூசை. கிப்பர்ட் பீடத்தைத் தூக்கி நடுவில் வைத்தார். நடுவில் வைத்தால் ஜனங்கள் சுற்றி உட்கார வேண்டும். சுற்றி உட்கார்ந்தால் கட்டடம் வட்டம். வட்டத்துக்கு நடுவில் தூண் வைக்க முடியாது, ஏனென்றால் அங்கேதான் பீடம் இருக்கிறது. ஆகவே பாரம் முழுவதும் ஓரத்தால் இறங்க வேண்டும்.

அதற்கு அவர் செய்தது இது. பூமராங் மாதிரி வளைந்த 16 கான்கிரீட் சட்டங்கள். கீழே நேராக எழுந்து, நடுவில் உள்நோக்கி வளைந்து, மேலே ஒன்றுகூடுகின்றன. வளைகிற இடத்தில் ஒரு கான்கிரீட் வளையம், உச்சியில் இன்னொரு வளையம். சட்டங்கள் வெளிப்பக்கம் விரிந்து போகாமல் இந்த வளையங்கள் பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டது போல் பிடித்துக்கொள்கின்றன. போதாததற்கு வெளியே ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு சாய்ந்த உதைகால். தூரத்திலிருந்து கூடாரத்தின் கயிறுகள் மாதிரித் தெரிவது அந்த உதைகால்கள்தான். நான் கட்டடத் துறையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் அதிகமாக ரசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்வட்டத்தின் விட்டம் 195 அடி, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. உச்சியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கோபுரத்தின் எடை மட்டும் 2,000 டன்.

அந்தக் கண்ணாடி ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெயின்டீன்ஸும் செய்தது. நம் கோயில்களில் பார்க்கிற மாதிரி புனிதர்களின் உருவம் கிடையாது. மஞ்சள், நீலம், சிவப்பு என்று மூன்று நிறங்களின் வெடிப்பு, மூவொரு கடவுளுக்கு. கனமான கண்ணாடிக் கட்டிகளை ஈயத்துக்குப் பதில் எபாக்சி பிசினில் பதித்திருக்கிறார்கள். பக்கச் சிற்றாலயங்களுக்கும் சட்டங்களுக்கும் நடுவில் மெல்லிய நீலக் கண்ணாடிப் பட்டை ஓடுகிறது, சுவர்கள் எதையும் தொடாமல் மிதப்பது போல் இருக்கும். நடுவில் மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலிருந்து வந்த வெள்ளைப் பளிங்குப் பீடம், ஒரே கல், 19 டன்.

வேலை தொடங்கியது 1962 அக்டோபர். அதே மாதம் ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. குரு ஜனங்களைப் பார்த்துப் பூசை வைப்பது, லத்தீனை விட்டுச் சொந்த மொழியில் வழிபடுவது என்று அந்தச் சங்கமும் அதற்குப் பிந்தைய வருடங்களும் கொண்டுவந்த மாற்றங்களால் உலகம் முழுக்கப் பழைய கோயில்களில் பீடத்தை இடம் மாற்றி வைக்க வேண்டி வந்தது. லிவர்பூலில் மாற்ற வேண்டியதே இல்லை. ஹீனன் கேட்டது சங்கத்துக்கு முந்தியது. 1967 மே 14, பெந்தகோஸ்து ஞாயிறு அன்று பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. நாலரை வருடத்தில் முடித்துவிட்டார்கள்.

பெங்களூரில் இதே மாற்றம் வேறு விதமாக இறங்கியது. எங்கள் சவேரியார் கோயில், பெங்களூர் 1940இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனபோது பேராலயமானது. லத்தீன் இருந்தவரை யாருக்கும் புரியவில்லை, ஆகவே சண்டையும் இல்லை. 'சொந்த மொழி' என்று ரோம் சொன்னதும் யாருடைய சொந்த மொழி என்ற கேள்வி வந்தது. மண்ணின் மொழியான கன்னடத்துக்கு எவ்வளவு இடம், கோயிலை நிரப்புகிற தமிழர்களின் தமிழுக்கு எவ்வளவு? பல பங்குகளில் வருடக்கணக்கில் இது கசப்பாக ஓடியது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதுதான் அதில் சங்கடம். நாம் கட்டிய கோயில் என்று ஒருவர், எங்கள் ஊரில் கட்டிய கோயில் என்று இன்னொருவர். அயர்லாந்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தங்கள் ஐரிஷ் மொழியைப் பெரும்பாலும் முன்பே தொலைத்துவிட்டிருந்தார்கள். அதைத் தொல்லை இல்லாமல் போனது என்று சொல்வதா, வேறு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

லிவர்பூலுக்கு வந்த தொல்லை வேறு. மழை. இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த சில வருடங்களிலேயே அலுமினியக் கூரை ஒழுகத் தொடங்கியது. சட்டங்களின் மேல் ஒட்டியிருந்த சின்னச் சின்ன மொசைக் ஓடுகள் கழன்று விழுந்தன. பேராலய நிர்வாகம் கிப்பர்ட் மேல் 13 லட்சம் பவுண்டு கேட்டு வழக்குப் போட்டது. கூட்டைக் கட்டுவதற்குப் போட்ட பட்ஜெட்டையும் தாண்டிய தொகை! 1984இல் கிப்பர்ட் காலமானார். பழுது பார்ப்பது 1990களில் நடந்தது. மொசைக்கை ஒட்டவைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸ் உறை போட்டார்கள். அதனால் சட்டங்கள் முன்பைவிடப் பருமனாகிவிட்டன. கோபுரத்தின் அலுமினியம் போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்தது. கிப்பர்ட் வரைந்த முன்வாசல் பெரிய படிக்கட்டு, வழியில் வேறு கட்டடம் இருந்ததால், 2003இல்தான் முடிந்தது.

தவறு எங்கே? என் தொழில் அனுபவத்தில் சொல்வதென்றால், புதுப் பொருள், புது வடிவம், குறைந்த பணம், குறைந்த நேரம் நான்கையும் ஒரே கட்டடத்தில் சேர்த்தால் ஒழுகும். கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதன்மேல் ஒட்டிய ஓடு அதே அளவுக்கு விரியாது. இடுக்கில் தண்ணீர் இறங்கி உறைந்தால் கதை முடிந்தது. 1960களில் கட்டிய எத்தனையோ கட்டடங்களுக்கு இதே வியாதி. கிப்பர்டை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் லட்யன்ஸ் வழியில் போயிருந்தால் ஒழுகுவதற்குக்கூட ஒரு கூரை வந்திருக்காது.

இதையெல்லாம் நான் இப்போது தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளி பல வருடமாகச் சனிக்கிழமைகளில் வாடகை ஹாலில் நடக்கிறது. சொந்தக் கட்டடம் வேண்டும் என்று பேச்சு. ஒரு கட்சி, பெரிதாக நிலம் வாங்கிக் கலையரங்கத்தோடு கட்டுவோம், இருபது வருடம் ஆனாலும் சரி என்கிறது. இன்னொரு கட்சி, மூடிக் கிடக்கும் ஒரு பழைய சர்ச் ஹாலை வாங்கிப் பெயின்ட் அடித்து அடுத்த வருடமே உள்ளே போவோம் என்கிறது. கூட்டத்தில் குரல் உயர்ந்து, டீ ஆறிப்போய், முடிவில்லாமல் கலைந்தோம். நான் இரண்டாம் கட்சி. இப்போது ஆறு வயதில் 'அ' எழுதுகிற பிள்ளை இருபது வருடம் காத்திருக்காது. ஆனால் கூரையை யாராவது ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய சர்ச்சை வாங்குவதும் இங்கே புதிதில்லை. லிவர்பூலிலிருந்து அதிக தூரமில்லாத பிரெஸ்டனில், ஆள் குறைந்துபோன புனித இஞ்ஞாசியார் கோயிலை மலையாளிகளின் சீரோ மலபார் திருச்சபைக்குக் கொடுத்தார்கள். 2016இல் அது புனித அல்போன்சா பேராலயமாக உயர்ந்தது. நம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து மூடவிருந்த கதவைத் திறந்து, உள்ளே மலையாளத்தில் பாடுகிறார்கள்.

லிவர்பூல் போகிறவர்களுக்கு: லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, கொஞ்சம் மேடு. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, நிலவறைக்குச் சின்னத் தொகை உண்டு. கோடையில் சாயங்காலம் போனால் கண்ணாடியின் நிறம் தரையில் நகர்வதைப் பார்க்கலாம், பிள்ளைகள் அதைத் துரத்துவார்கள், யாரும் திட்டமாட்டார்கள். ஹோப் ஸ்ட்ரீட் வழியாக நடந்து அந்தக் கோடி ஆங்கிலிக்கன் பேராலயத்தையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆற்றங்கரையில் உள்ள லிவர்பூல் அருங்காட்சியகத்தில் லட்யன்ஸ் கட்டாத பேராலயத்தின் மர மாதிரி இருக்கிறது. 1930களில் செய்தது, ஆளைவிட உயரம். குனிந்து அதன் வாசல் வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள்.